கால் பெருவிரலில் நள்ளிரவு வலி: கவுட் நோயைப் புரிந்துகொள்ள

தர்மபுரியில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கினால், வெறும் வயிற்றில் சுகர் பார்க்க வருபவர்கள்தான் முதலில் வருவார்கள். போன ஆடி மாதம் அப்படியொரு காலையில் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். வலது காலில் செருப்பு இருந்தது, இடது கால் செருப்பு கையில் இருந்தது. மகன் தோளைப் பிடித்துக்கொண்டு, இடது குதிகாலை மட்டும் ஊன்றி ஊன்றி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பெருவிரல் பாதத்தோடு சேரும் மூட்டு தக்காளிப் பழம் மாதிரி சிவந்து, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது.

"ராத்திரி ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சதுங்க. போர்வை பட்டாக்கூட உயிர் போகுது" என்றார்.

பூரான் கடித்திருக்கும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவ வந்திருக்கிறார். மச்சான், "எல்லாம் அந்த ஃப்ளோரைடு தண்ணி பண்ற வேலை" என்று முடித்துவிட்டார். எங்கள் மாவட்டத்தில் மூட்டு வலித்தால் முதலில் தண்ணீரைத்தான் சொல்வோம், அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டில் வேறொன்று இருந்தது: யூரிக் ஆசிட். கூடவே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், சுகர், ரத்த அணுக்கள் எண்ணிக்கை.

மருத்துவர் சந்தேகப்பட்டது கவுட் என்ற மூட்டு நோயை. தமிழில் கீல்வாதம் என்று எழுதுவார்கள், ஆனால் அந்தச் சொல்லை எல்லா மூட்டு நோய்க்கும் போட்டுவிடுகிறோம். சரவாங்கியையும் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) அப்படிச் சொல்கிறோம், முழங்கால் தேய்மானத்தையும் அப்படித்தான் சொல்கிறோம். குழப்பம் வேண்டாம் என்பதால் இங்கே கவுட் என்றே எழுதுகிறேன்.

கவுட்டை உண்டாக்குவது சீட்டில் இருந்த அந்த யூரிக் ஆசிட், அதாவது யூரிக் அமிலம். அது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையா? சுவரில் பல்லி எச்சத்தைப் பாருங்கள். கறுப்பாக இருக்கும் எச்சத்தின் ஒரு நுனியில் வெள்ளையாக ஒரு பொட்டு ஒட்டியிருக்கும். அது பெரும்பாலும் யூரிக் அமிலம்தான். கோழி எச்சத்தில் இருக்கும் வெள்ளையும் அதுவே. பல்லியும் பறவையும் கழிவைத் தண்ணீரில் கரைத்து சிறுநீராக விடாமல், இப்படிக் கெட்டியாக வெளியேற்றுகின்றன. கெட்டியாக வெளியேற்ற முடிகிறதென்றால் அது தண்ணீரில் எளிதில் கரையாத பொருள் என்று அர்த்தம். நம் நோயின் மூலமே இந்தக் கரையாத குணம்தான்.

நம் உடலில் அது எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு செல்லிலும் பியூரின் என்ற பொருள் உண்டு. பழைய செல்கள் அழிந்து புதியவை உண்டாகும்போது இந்தப் பியூரின் உடைந்து, கடைசியில் யூரிக் அமிலமாகிறது. உணவிலிருந்தும் பியூரின் வருகிறது, ஆனால் பலரும் நினைக்கிற அளவுக்கு இல்லை. உடலில் சேரும் யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உடலே உண்டாக்குவது. சாப்பாட்டின் பங்கு மூன்றில் ஒன்றுதான்.

கொட்டகையில் நிற்கும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் உடலில் யூரிகேஸ் என்ற நொதி (என்சைம்) இருக்கிறது. அது யூரிக் அமிலத்தை இன்னும் ஒரு படி உடைத்து, நன்றாகக் கரையும் பொருளாக மாற்றிவிடும். மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் பொதுவான மூதாதையர் வழியில், ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், அந்த நொதியை உண்டாக்கும் மரபணு செயலிழந்துபோனது. எனக்கு இந்த விஷயம் தெரியவந்தபோது பெரிய ஆச்சரியம். ஏனென்றால் ரத்தத்தில் யூரிக் அமிலத்தை அளக்க நாங்கள் ஊற்றும் ரீஏஜென்டில், அதாவது சோதனைத் திரவத்தில், இருப்பதே இந்த யூரிகேஸ்தான். நம் உடல் கைவிட்ட நொதியை ஒரு பாட்டிலில் அடைத்து, ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரத்தோடு சேர்க்கிறோம். அது யூரிக் அமிலத்தை உடைக்கும்போது தொடரும் வேதிவினையில் நிறம் எழும். நிறம் எவ்வளவு அடர்த்தி என்று மெஷின் பார்த்து எண்ணைச் சொல்லும்.

சரி, அமிலம் ரத்தத்தில் இருந்தால் விரல் ஏன் வீங்க வேண்டும்?

கற்கண்டு செய்வது தெரியும் அல்லவா? சர்க்கரைப் பாகைக் கெட்டியாகக் காய்ச்சி, உள்ளே ஒரு நூலைத் தொங்கவிட்டு, அசையாமல் ஆறவிடுவார்கள். சூடாக இருக்கும்வரை சர்க்கரை கரைந்தே இருக்கும். ஆற ஆற, தாங்க முடியாத சர்க்கரை நூலைப் பற்றிக்கொண்டு படிகமாக வளரும். ரத்தத்திலும் இதே கணக்குதான். உடல் சூட்டில், ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் சுமார் 6.8 மில்லிகிராம் யூரிக் அமிலம்தான் கரைந்து நிற்கும். அதற்கு மேல் போனால் சோடியத்தோடு சேர்ந்து ஊசி ஊசியாகப் படிகம் கட்டத் தொடங்கலாம். உடலிலேயே குளிர்ச்சியான இடம் எது? இதயத்திலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் கால் விரல். நாள் முழுக்க உடல் பாரத்தைச் சுமந்து அடிபடும் மூட்டும் அதுதான். முதல் முறை கவுட் வருபவர்களில் பாதிப் பேருக்கு அது பெருவிரலில் வருவதற்கு இவையெல்லாம் காரணமாகக் கருதப்படுகின்றன.

கற்கண்டு நூல் என்று சும்மா உவமைக்குச் சொல்லவில்லை. ஆல்ஃபிரட் கேரட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1848இல் கவுட் நோயாளிகளின் ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடுதலாக இருப்பதைக் கண்டறிந்தார். அவர் பின்னர் கையாண்ட சோதனை இதேதான். நோயாளியின் சீரத்தைத் தட்டையான கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, கொஞ்சம் அசிட்டிக் அமிலம் சேர்த்து, ஒரு துண்டு நூலைப் போட்டு வைத்துவிடுவார். ஓரிரு நாளில் நூலில் படிகம் ஒட்டியிருந்தால் யூரிக் அமிலம் மிகுதி. மெஷினும் மின்சாரமும் இல்லாத காலத்து லேப் டெஸ்ட் அது.

படிகம் இருந்தால் உடனே வலிக்கும் என்றும் இல்லை. மூட்டின் உள்ளே பல வருடம் சத்தமில்லாமல் கிடக்கும். ஒருநாள் ஏதோ ஒரு காரணத்தால் கொஞ்சம் படிகம் உதிர்ந்து மூட்டு நீரில் கலக்கும்போது, வெள்ளணுக்கள் அதை வெளியிலிருந்து வந்த கிருமி போல நினைத்து விழுங்கப் பார்க்கின்றன. விழுங்கிய வெள்ளணு அழற்சியை, அதாவது சிவந்து சூடேறி வீங்குவதை, தூண்டும் பொருட்களைக் கக்கும். அது இன்னும் வெள்ளணுக்களைக் கூப்பிடும். சில மணி நேரத்தில் மூட்டு நெருப்பாகிவிடும். பெரும்பாலும் இரவில் அல்லது விடியற்காலையில் தொடங்கி, 12 முதல் 24 மணி நேரத்துக்குள் வலி உச்சத்துக்குப் போகும்.

அந்த விவசாயியிடம் பேச்சுக்கொடுத்தபோது, முந்தின நாள் குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டு என்று தெரிந்தது. ஈரல், குடல், ரத்தப் பொரியல், அதோடு பீரும். வெயிலில் நாள் முழுக்க ஓடியாடியதில் தண்ணீர் குடிக்கவே மறந்துபோயிருக்கிறார். உறுப்புக் கறியில் பியூரின் அதிகம். பீரிலும் பியூரின் உண்டு, போதாதென்று எந்த மதுவும் உடலில் லாக்டிக் அமிலத்தைக் கூட்டி, சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியே தள்ளுவதைத் தடுக்கும். உடலில் நீர் குறைந்ததும் சேர்ந்துகொண்டது. ஆனால் நோயை உண்டாக்கியது அந்த ஒரு விருந்து இல்லை. படிகம் பல வருடமாகச் சேர்ந்திருந்தது, விருந்து அதைக் கிளப்பிவிட்டது, அவ்வளவுதான். அதே விருந்தில் அதே இலையில் சாப்பிட்ட நூறு பேர் நன்றாகத்தானே இருந்தார்கள்?

அப்படியானால் ஏன் சேர்கிறது? கவுட் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்குச் சிக்கல் அமிலம் உண்டாவதில் இல்லை, வெளியேற்றத்தில்தான். யூரிக் அமிலத்தில் மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டும். ஆனால் ஆரோக்கியமான சிறுநீரகமே வடிகட்டியதில் ஏறக்குறைய 90 சதவீதத்தைத் திரும்ப ரத்தத்துக்கு இழுத்துக்கொள்ளும். பரம்பரையாகச் சிலருக்கு இந்த இழுப்பு இன்னும் அதிகம். அப்பாவுக்கு இருந்தால் மகனுக்கு வருவது இதனால்தான். இதோடு உடல் பருமன், ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு சேர்ந்தால் வெளியேற்றம் இன்னும் மந்தமாகும்.

மாத்திரைகளையும் மறக்கக் கூடாது. பிரஷருக்குக் கொடுக்கும் சில நீர் மாத்திரைகள், தினமும் எடுக்கும் சிறிய அளவு ஆஸ்பிரின், காசநோய்க்கான பைராசினமைடு ஆகியவை யூரிக் அமிலத்தைக் கூட்டும். காசநோய் சிகிச்சையில் இருக்கும் ஒருவர் எங்களிடம் இந்த டெஸ்ட் எடுத்து, எண்ணைப் பார்த்துப் பயந்து மருந்தை நிறுத்தப் போகிறேன் என்றார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த மருந்தை நடுவில் விடுவது பல மடங்கு ஆபத்து. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினால் போதும்.

நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்குத்தான் இது அதிகம். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் யூரிக் அமிலத்தை வெளியேற்ற உதவுகிறது. நின்ற பிறகு அந்தப் பாதுகாப்பு போய்விடும். நீர் மாத்திரை சாப்பிடும் வயதான அம்மாக்களுக்கு, ஏற்கனவே முண்டு முண்டாக இருக்கும் கைவிரல் மூட்டுகளில்கூட வரும். "பொம்பளைங்களுக்கு இது வராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். யூரிக் ஆசிட் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே எங்கள் ஊரில் கீரையை நிறுத்துகிறார்கள், கொள்ளு ரசத்தை நிறுத்துகிறார்கள், களிக்குத் தொட்டுக்கொள்ளும் பருப்பைக்கூட நிறுத்துகிறார்கள். மிஞ்சுவது வெறும் களியும் மோரும். அமெரிக்காவில் 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் அதிகம் வந்தது. பியூரின் நிறைந்த காய்கறிகளைச் சாப்பிட்டவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. பால் பொருட்கள், குறிப்பாகக் கொழுப்பு குறைந்தவை, சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது. ஆக மோர் நல்லது, ஆனால் கீரையைத் துரத்த வேண்டியதில்லை. குறைக்க வேண்டியவை உறுப்புக் கறி, நெத்திலி, மத்தி, கருவாடு, மது. அப்புறம் யாரும் சந்தேகப்படாத ஒன்று, பாட்டிலில் வரும் இனிப்புப் பானங்கள். அவற்றில் இருக்கும் ஃப்ரக்டோஸ் கல்லீரலில் உடையும்போதே யூரிக் அமிலம் உண்டாகிறது. கிருஷ்ணகிரிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், மாம்பழம் ஒன்று சாப்பிடுவது வேறு, சர்க்கரை சேர்த்த மாம்பழ ஜூஸை லிட்டர் கணக்கில் குடிப்பது வேறு.

அன்று அவருடைய ரிப்போர்ட்டில் யூரிக் அமிலம் 6.3 என்று வந்தது. ஆண்களுக்கு ஏறத்தாழ 7 வரை நார்மல் என்று அச்சடித்திருப்போம். "நார்மல்தான், அப்போ தண்ணிதான் காரணம்" என்று மச்சான் போனில் சொல்லிவிட்டார். இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். கவுட் வலி உச்சத்தில் இருக்கும்போது, அழற்சியின் விளைவாகச் சிறுநீரகம் அமிலத்தை வேகமாக வெளியேற்றுவதால், ரத்தத்தில் அளவு தற்காலிகமாக இறங்கியிருக்கலாம். வலிக்கும் நாளில் எடுத்த நார்மல் ரிப்போர்ட் கவுட் இல்லை என்று சொல்லாது. வலி அடங்கி இரண்டு வாரமாவது கழித்து மறுபடி எடுக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. யூரிக் அமிலம் கூடுதலாக இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் கவுட் வருவதே இல்லை. முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் 7.6 என்று தடித்த எழுத்தில் வந்ததைப் பார்த்துவிட்டு, முழங்கால் வலியை, இடுப்பு வலியை, குதிகால் வலியை எல்லாம் அதன் தலையில் கட்டி, மருந்துக் கடையில் தாங்களாகவே மாத்திரை கேட்டு வாங்குகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். அந்த எண்ணைத் தினமும் அச்சடித்துக் கொடுக்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: எண் ஒரு தடயம் மட்டும்தான், நோய் என்று தீர்மானிக்க மூட்டைப் பார்க்க வேண்டும்.

உறுதியான பதில் மூட்டுக்குள்ளேயே இருக்கிறது. வீங்கிய மூட்டிலிருந்து ஊசியால் சில துளி நீரை எடுத்து, துருவ ஒளி (போலரைஸ்டு லைட்) நுண்ணோக்கியில் பார்த்தால், ஊசி போன்ற படிகங்கள் பளிச்சென்று தெரியும். 1961இல் அமெரிக்காவில் மெக்கார்ட்டி, ஹாலண்டர் என்ற இருவர் இந்த முறையைக் காட்டினார்கள். இன்றுவரை இதுதான் முதன்மையான சான்று. எங்களைப் போன்ற சின்ன லேபில் அந்த நுண்ணோக்கி இருக்காது. அதனால் வலி வந்த விதம், மூட்டு, வயது, மாத்திரைகள், ரத்த அளவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே பெரும்பாலும் மருத்துவர்கள் முடிவுசெய்கிறார்கள். அல்ட்ராசவுண்டில் குருத்தெலும்பின் மேல் படிகம் இன்னொரு கோடு போலப் படிந்திருப்பது தெரியலாம். எக்ஸ்ரே ஆரம்பத்தில் பெரிதாக எதையும் காட்டாது, பல வருடம் ஆன பிறகுதான் எலும்பில் அரித்த பள்ளங்கள் தெரியும்.

இனி ஃப்ளோரைடு. மச்சான் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பாறைகளிலிருந்து கரைந்த ஃப்ளோரைடு பல இடங்களில் அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது அளவு. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஆனால் ஃப்ளோரைடு பாதிப்பு வருவதே வேறு மாதிரி. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறையும் கோடும் இருக்கும். எலும்பைத் தாக்கும்போது வருடக்கணக்கில் மெல்ல மெல்ல முதுகும் கழுத்தும் இறுகும். குனிந்து நிமிர முடியாது, திரும்பிப் பார்க்கக் கழுத்து வராது. ஒரே ராத்திரியில் ஒரு விரல் சிவந்து கொதித்து, பத்து நாளில் தடமில்லாமல் அடங்குவது ஃப்ளோரைடின் குணம் இல்லை. ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம் என்பதையும் எங்கள் ஊரில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரவாங்கி இரண்டு கைகளின் சின்ன மூட்டுகளையும் ஒருசேரப் பிடிக்கும், காலையில் எழுந்ததும் வெகுநேரம் விரல் மடங்காது. வயதானவர்களுக்கு முழங்காலிலும் மணிக்கட்டிலும் கால்சியம் படிகத்தாலும் கவுட் மாதிரியே வீக்கம் வரும். பயப்பட வேண்டியது ஒன்று இருக்கிறது: மூட்டுக்குள் கிருமி புகுந்து சீழ் பிடிப்பது. அதுவும் சிவக்கும், வீங்கும், கொதிக்கும். காய்ச்சலோ குளிரோ சேர்ந்திருந்தால், அதிலும் சர்க்கரை நோயாளியாக இருந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். நாள் கடத்தினால் மூட்டே போய்விடும். எண்ணெய் போட்டு நீவுவதும், ஒத்தடம் என்று சூடு வைப்பதும் எந்த வகையிலும் உதவாது. துணியில் சுற்றிய ஐஸ் வைத்தால் கவுட் வலி கொஞ்சம் தணியும்.

சிகிச்சை மருத்துவர் பாடு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலியை அடக்க ஒரு மருந்து, அமிலத்தைக் குறைக்க ஒரு மருந்து, இரண்டும் வெவ்வேறு. வலிக்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்றான கோல்சிசின், நம் மாநில மலரான செங்காந்தளிலும் இருக்கிறது. அதற்காக அந்தச் செடியின் கிழங்கான கண்வலிக்கிழங்கைத் தோண்டி அரைத்துக் குடித்துவிடாதீர்கள், அது உயிரைப் பறிக்கும் விஷம். அமிலத்தைக் குறைக்கப் பல காலமாக இருப்பது அலோபியூரினால். சிறிய அளவில் தொடங்கி, ரத்தத்தில் 6க்குக் கீழே வரும்வரை ஏற்றுவார்கள். தொடங்கிய முதல் மாதங்களில் பழைய படிகம் கரையும்போது வலி திரும்ப வரலாம், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தமில்லை. ஆனால் தோலில் தடிப்போ கொப்புளமோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்.

அந்த விவசாயி நாலாவது வாரம் மறுபடி வந்தார். இரண்டு செருப்பும் காலில் இருந்தன. விரல் ஓரத்தில் தோல் மட்டும் வெங்காயச் சருகு மாதிரி உரிந்திருந்தது. வலி ஒன்பதாம் நாளே போய்விட்டதாம். "வலிதான் போயிடுச்சே தம்பி, மறுபடி எதுக்கு ரத்தம்?" என்றுதான் கேட்டார். மருத்துவர் வற்புறுத்தியதால் வந்திருக்கிறார். இந்த முறை 8.9. முதல் வலி போன பிறகு ஒன்றுமில்லை என்று விட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஒரு வருடத்துக்குள் அடுத்தது வரும். அதையும் விட்டால் இடைவெளி குறையும், கணுக்கால், முழங்கால், கை என்று மூட்டுகள் கூடும். பல வருடம் போனால் காது மடலிலும் முழங்கையிலும் விரலிலும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கட்டிகள் தோன்றும், சிறுநீரகத்தில் கல்லும் சேரலாம். நடுவில் வலியில்லாத மாதங்களில்தான் படிகம் வளர்கிறது என்று அவரிடம் கற்கண்டுக் கதையைச் சொன்னேன்.

சட்டைப் பையிலிருந்து பால் சொசைட்டி அட்டையை எடுத்தார். பின்பக்கம் காலியாக இருந்தது. பேனா கேட்டு வாங்கி, தேதி போட்டு, 8.9 என்று எழுதிக்கொண்டார். இப்போது அதில் நாலு எண்கள் இருக்கின்றன. போன மாதம் எழுதியது 5.8.